எண்ணாமல் எடுத்த பஸ்

டூர் மேனேஜர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு 'என் இனிய பயண அனுபவங்கள்' என்று எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தொரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். இனிய அனுபவம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வேண்டியது ஒன்றுதான். அதைக் கோபத்தோடுதான் எழுத முடியும்.

போன மாதம் குன்னூரில் சங்கம் நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். ஐரோப்பாவுக்கு முதல் தடவை கூட்டம் கூட்டிப் போகவிருக்கும் பிள்ளைகள் பதினைந்து பேர். எனக்கு ஒரு சால்வை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் எழுந்து தன் செல்போனைக் காட்டினாள்.

"மேடம், நீங்க கொண்டாந்த ஃபேமிலி கவுண்ட்டு இப்ப ஆப்லயே வந்திருச்சுங்க. குடும்பத் தலைவரு ஒரு தட்டு தட்டுனாப் போதும், எல்லாரும் வந்தாச்சுன்னு பச்சை எரியும். நாங்க சீட்டை விட்டு எந்திரிக்கவே வேண்டியதில்லைங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தேன்.

"அந்தப் பச்சைய நம்பி எவளாச்சும் வண்டிய எடுத்தீங்கன்னா, செருப்பு பிஞ்சிரும்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபேமிலி கவுண்ட் என் கண்டுபிடிப்பு என்பது உண்மை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் எழுதினேன். ஒரு வருடம் கழித்து ஊட்டி சுற்றிக் காட்டும் பஸ்ஸில் கைடாக ஏற்றிவிட்டார்கள். சீசனில் பாதிக் கூட்டம் தேனிலவுக்கு வந்த ஜோடிகள். டால்ஃபின் நோஸ் மலைமுனைக்குப் போனால் மூடுபனியில் பஸ்ஸின் பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. கீழே இறங்கினவர்கள் மேலே ஏற, ஏறினவர்கள் சோளம் வாங்க இறங்க, தலை எண்ணுவதற்குள் உயிர் போகும். அப்போதுதான் முன்னால் உட்கார்ந்தபடியே மைக்கில் கேட்க ஆரம்பித்தேன். குடும்பத்தில் ஒருவர் பெயரைச் சொல்வேன். அவர் "நாலு" என்பார், "ரெண்டு" என்பார். எல்லாம் சேர்ந்தால் வண்டி கிளம்பும். இரண்டே நிமிடம்.

ஊட்டியில் அது தப்பே இல்லை. யாரையாவது விட்டுவிட்டாலும் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து நம்மைத் திட்டுவார்கள். அவ்வளவுதான். பின்னால் கோவைக் கம்பெனி ஒன்றில் டூர் மேனேஜராகச் சேர்ந்தபோது அதே பழக்கத்தை நான் ஐரோப்பாவுக்கும் எடுத்துப் போனேன். பாஸ்போர்ட்டுக்கும் அதே முறைதான். ஓட்டலில் பதிவு முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு கவர், அதைக் குடும்பத் தலைவர் கையில் கொடுத்துவிடுவேன். நாற்பது பேரைத் தேட வேண்டாம், பதினைந்து பதினாறு பேரைத் தேடினால் போதும். குடும்பத் தலைவர் என்றால் யார்? புருஷன், இல்லாவிட்டால் மகன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள், என் பாஸ்போர்ட் என்றைக்கும் என் கைப்பையில்தான் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

கோவை ஆபீசில் எனக்கு மேலே இருந்தவரைச் சந்தானம் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. எந்த நாட்டிலிருந்து, எந்தக் கஷ்டத்தில் போன் செய்தாலும் முதல் கேள்வி "சாப்டீங்களா மேடம்?" பாரிஸில் ஒருவர் மாரடைப்பில் விழுந்தபோதும் அதைத்தான் கேட்டார். நாம் சொல்வதையெல்லாம் கடைசி வரை கேட்பார். நடுவில் சோம்பு மெல்லும் சத்தம் வரும். கடைசியில் ஒரு கேள்வி: "சரி, இது பேப்பர்ல எப்படி வரும்?" அவருக்கு உலகத்தில் நடப்பது எதுவும் நடப்பதில்லை, ஆபீஸ் பேப்பரில் எழுதி வருவதுதான் நடப்பது. ஃபேமிலி கவுண்ட்டைப் பயிற்சிப் புத்தகத்தில் சேர்த்து, அடியில் என் பெயரைப் போட்டவர் அவர்தான். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து என் அம்மாவிடம் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நான் சொல்ல வந்த டூர் என் கடைசி சீசனில். நாற்பத்திரண்டு பேர், பதினேழு குடும்பம், பதின்மூன்று நாள். அதில் தேனிலவு ஜோடிகள் மூன்று. ஒரு ஜோடி எங்கள் மலைக்காரர்கள். பையனை நவீன் என்று சொல்கிறேன். குன்னூரில் தேயிலை ஏலம் எடுக்கும் ஒரு ஆபீசில் வேலை, நல்ல வசதி. பெண் பெயர் தர்ஷினி. பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம், அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை. பெண் நர்சிங் படித்திருந்தாள். "பேர மட்டும் மாத்திருங்க மேடம், மத்த எதையும் மாத்தாதீங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாள் பஸ்ஸில் தேனிலவு ஜோடிகளை எழுப்பி மைக்கைக் கொடுத்து, "ஊட்டுல யாருங்க பாஸு?" என்று கேட்பது என் வழக்கம். எல்லாப் பையன்களும் மனைவியைக் கை காட்டுவார்கள், கூட்டம் ஓவென்று கத்தும். நவீன் மைக்கை வாங்கி, "நான்தான்" என்றான். "மேடம்ட்ட சொல்லு, நான்தானே?" என்று பெண்ணின் தோளைத் தட்டினான். கூட்டம் அதற்கும் கத்தியது. நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, சாப்பாட்டு அறையில் தர்ஷினி என்னிடம் வந்தாள். கையில் காபிக் கோப்பை, ஆனால் குடிக்கவில்லை.

"மேடம், இனிமே என் பாஸ்போர்ட்ட எங்கிட்டயே குடுக்க முடியுங்களா?"

"உங்க ஊட்டுக்காரர்ட்டக் கேளும்மா, எனக்கு ஒரு ஊட்டுக்கு ஒரு கவரு" என்றேன். அடுத்த மேஜையில் நவீன் உட்கார்ந்திருந்தான். அவனிடம் திரும்பி, "ஏனுங்க, உங்கம்மிணி பாஸ்போர்ட் கேக்குது, எங்கியோ ஓடப் பாக்குதாட்ட இருக்குது" என்று சொன்னேன்.

வேடிக்கைக்குச் சொன்னேன். மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நவீன் சிரிக்கவில்லை. 'ஓடப் பார்க்கிறாள்' என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. இதைச் சந்தானம் சார் தலையில் கட்ட முடியாது.

ஆறாம் நாள், ஜெர்மனி நெடுஞ்சாலையில் சுவிஸ் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கூட்டத்தில் ராமசாமி அய்யா என்று எழுபது தாண்டிய பெரியவர், கூடவே அவர் மனைவி பொன்னம்மா. பல்லடம் பக்கம். அய்யாவுக்குச் சர்க்கரை வியாதி. அன்று மாத்திரை போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் ஏறிவிட்டார். திடீரென்று சட்டை நனைய வியர்த்து, என்ன கேட்டாலும் பதில் இல்லை. பொன்னம்மா கத்தினார். நான் முதலுதவிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தர்ஷினி எழுந்து போய்விட்டாள். அவர் நாடியைப் பிடித்தபடி, "யாராச்சும் ஓட்டல்ல இருந்து சக்கரைப் பொட்டலம் எடுத்தாந்தீங்களா? வெக்கப்படாமக் குடுங்க" என்றாள். ஏழெட்டுக் கைகள் நீண்டன. தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். பதினைந்து நிமிடத்தில் அய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஊரு வந்திருக்குது?" என்று கேட்டார். பஸ்ஸே கை தட்டியது.

தர்ஷினி தன் சீட்டுக்குத் திரும்பியபோது நவீன் அவளுக்கு வழி விடாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "என்ன, டூட்டி முடிஞ்சுதா? வேலைக்குப் போகக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னது இங்க செல்லாதா?" என்றான். முன்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. அவள் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலை மடக்கினான்.

அடுத்து ஒரு பெட்ரோல் பங்கில் இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினோம். அங்கே கழிவறைக்குக் காசு போட்டால் ஒரு சீட்டு வரும், அந்தச் சீட்டைக் கடையில் கொடுத்தால் ஏதாவது வாங்கும்போது கழித்துக்கொள்வார்கள். நம் ஆட்கள் அதைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பார்கள். பொன்னம்மா தங்கள் இரண்டு பேர் சீட்டையும் தர்ஷினியிடம் கொடுத்து, "அம்மிணி, அய்யனுக்கு ஒரு ஜூஸ் வாங்கியாறயா?" என்று அனுப்பினார். அதே நேரத்தில் இன்னொரு டூர் பஸ் வந்து கடையில் வரிசை நீண்டுவிட்டது.

நேரம் ஆனதும் நான் முன்சீட்டில் உட்கார்ந்து மைக்கை எடுத்தேன்.

"ராமசாமி அய்யா?"

"ரெண்டுங்கோ."

"நவீன்?"

"ரெண்டு."

பதினேழு பெயர். நாற்பத்திரண்டு வந்தது. கதவை மூடச் சொன்னேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். பொன்னம்மா இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். புருஷனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தவர், அவர் தூங்கின பிறகுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளையக் காணமுங்க. ஜூஸு வாங்கப் போச்சு."

எழுந்து போனேன். ஐந்தாவது வரிசையில், ஜன்னல் பக்கத்து சீட்டில் நவீனின் பையும் கோட்டும் இருந்தன. அவன் காதில் பாட்டு.

"தர்ஷினி எங்கீங்க?"

"பின்னால எங்கியாச்சும் இருப்பா."

பின்சீட்டு வரை நடந்தேன். அந்த டூரில் நான் முகம் பார்த்து எண்ணியது அதுதான் முதல் தடவை. நாற்பத்தொன்று.

திரும்பி வந்து அவன் காதிலிருந்ததைப் பிடுங்கினேன். "ரெண்டுன்னு சொன்னீங்களே?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு நெனச்சேன். அடுத்த ஸ்டாப்புல சொல்லியிருப்பேன்."

"அவ கையில போன் இருக்குதா?"

"எங்கிட்ட இருக்கு."

"பாஸ்போர்ட்டு?"

"கவர்லதான். நீங்கதானே குடுத்தீங்க."

ஆமாம், நான்தான் கொடுத்தேன்.

டிரைவர் போலந்துக்காரர், மாரேக் என்று பெயர். கண்ணாடியில் என்னைப் பார்த்து எத்தனை பேர் என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். அவர் பாஷையில் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. அதற்கென்று உள்ள வழி வர இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. அங்கே டிரைவர் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று சட்டம், வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிந்துவிடும். திரும்பிப் போனால் சாயங்காலம் ஏரியில் படகுச் சவாரி கிடையாது. அதை மாரேக் எனக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டே திரும்புவதற்கு விளக்கைப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாளில் நான் செய்த நல்ல காரியம் அந்த ஒன்றுதான். அதுகூட வாயைத் திறக்காமல் இருந்ததுதான்.

சந்தானம் சாருக்குப் போன் போட்டேன்.

"சாப்டீங்களா மேடம்?"

சொன்னேன். சோம்பு மெல்லும் சத்தம்.

"வண்டிய திருப்ப வேண்டாமுங்க. அந்த பங்குக்குப் போன் பண்ணி உக்கார வெக்கச் சொல்லுங்க. டாக்சி அனுப்பிக்கலாம். ஒருத்தருக்காக நாப்பத்தொரு பேருத்துப் போட்டிங் போயிரக் கூடாதுங்க."

"வண்டி திரும்பிருச்சுங்க சார்."

"ஓ." மறுபடி சோம்பு மெல்லும் சத்தம். "பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்க?"

"நர்சிங்."

"அப்படீங்களா" என்றார். அந்த 'அப்படீங்களா'வின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

பஸ்ஸில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. சக்கரைப் பொட்டலம் கொடுத்துக் கை தட்டின அதே ஆட்கள்தான். பின்னாலிருந்து ஒருவர், "ஒரு பொம்பளைக்காக நாங்க போட்ட உடோணுமா?" என்றார். பொன்னம்மா திரும்பினார்.

"போட்டுத்தானே? ஊட்டி ஏரியில ஓடாத போட்டா? வாங்க, எம்பட காசுல நாள் பூரா சுத்தி உடறேன். இப்ப வாய மூடிட்டு வாங்க."

கேட்டவர் ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டார்.

நாங்கள் கிளம்பி, திரும்பிப் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குள் இருப்பாள் என்று நினைத்தேன். பெரிய பஸ்கள் நிற்கும் இடத்துக்குள் மாரேக் வண்டியைத் திருப்பியபோதே தெரிந்துவிட்டது. எங்கள் பஸ் எந்தக் கோடுகளுக்கு நடுவே நின்றதோ, அந்தக் கோடுகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. ஒரு லாரி அந்த இடத்துக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை. கையில் ஜூஸ் பாட்டில்.

முதல் நாள் பஸ்ஸில் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்று உண்டு. "தொலஞ்சு போயிட்டீங்கன்னா தேடி அலையாதீங்க. பஸ்ஸு கடைசியா எங்க நின்னுதோ அங்கயே நில்லுங்க. உலகமே இடிஞ்சாலும் நகராதீங்க, நான் வருவேன்." முப்பத்தொரு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. தொலைந்தவர்கள் எல்லோரும் கடை கடையாகத் திரிவார்கள்.

நான் இறங்கிப் போனதும் அவள் சொன்னது: "நீங்க சொன்ன மாதிரி நகரவே இல்ல மேடம்."

பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "அய்யாவுக்கு."

நவீன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. நான் மேலே ஏறி அவன் முன்னால் கையை நீட்டினேன். "கவரையும் போனையும் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

"புருசம் பொண்டாட்டிக்கு நடுவுல நீங்க யாருங்க?"

"உங்க வாயில வந்த எண்ணிக்கைய நம்பி ஏமாந்தவ."

பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர், "குடுத்திருங்க தம்பி" என்றார். கொடுத்தான். அவள் பாஸ்போர்ட்டையும் போனையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் அன்றிலிருந்து பொன்னம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அய்யா ஐந்தாவது வரிசைக்கு மாறி, மீதி ஏழு நாளும் நவீனுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டார். ராத்திரிக்கு அவள் என் அறையில் படுத்துக்கொண்டாள். தேனிலவு ஜோடிக்கு என்று கம்பெனி ஏற்பாடு செய்திருந்த கேக் ஒன்று சுவிஸ் ஓட்டலில் வந்து நின்றது, இரண்டு பெயரும் போட்டு, நடுவில் இதயம். நிறுத்தச் சொல்ல எனக்கு மறந்துபோயிற்று. தர்ஷினி அதைப் பார்த்துவிட்டு கத்தியை வாங்கி, மாரேக்குக்கு ஒரு துண்டும் பொன்னம்மாவுக்கு ஒரு துண்டும் வெட்டினாள். "நல்ல கேக்கு மேடம், எதுக்கு வீணாக்கணும்" என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன். முடியவில்லை.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் கோவை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். சந்தானம் சார் எனக்குக் காபி வரவழைத்தார். மேஜையில் ஒரு தாள், ஏற்கெனவே டைப் அடித்தது. சம்பவ அறிக்கை. அதில் இப்படி இருந்தது: பெண் பயணி குழுவுக்குத் தெரிவிக்காமல் தன் விருப்பப்படி குழுவை விட்டு விலகிச் சென்றார். டூர் மேனேஜர் உடனடி நடவடிக்கை எடுத்து அவரைக் கண்டுபிடித்து மீட்டார்.

"இது நடக்கலைங்களே சார்" என்றேன்.

"நடந்தது எனக்குத் தெரியுங்க. பேப்பர்ல எப்படி வரும்னு பாருங்க." பேனாவை மூடித் திறந்தார். "பொண்ணு நர்சு. அங்க வேலைக்கு ஆள் தேடறாங்க. ஓடப் பாத்துதுன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. இல்லீன்னா என்ன எழுதறது? டூர் மேனேஜர் தலை எண்ணாம வண்டிய எடுக்கச் சொன்னாங்கன்னா? ரிட்டயர்மெண்டுக்கு ஒரு மாசம் இருக்குதுங்க மேடம். முப்பத்தொரு வருச நல்ல பேரு."

அந்த அறையில் நான் வேறு ஏதாவது சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். காபியையும் குடித்தேன். அது அவரைக் காப்பாற்றும் பேப்பர் இல்லை, என்னைக் காப்பாற்றும் பேப்பர். அவருக்கு அது தெரியும். அதனால்தான் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. எங்கேயோ அலமாரியில் கிடக்கப் போகிற காகிதம், யாருக்கு என்ன நஷ்டம் என்று பஸ்ஸில் குன்னூர் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம் வழியனுப்பு விழா நடந்தது.

அதற்குப் பிறகு எட்டு ஒன்பது மாதம் இருக்கும். காலையில் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன்.

"மேடம், நான் தர்ஷினி. நல்லா இருக்கீங்களா?"

நன்றாக இருக்கிறேன் என்றேன்.

"அவரு டைவர்ஸ் கேஸ் போட்டிருக்காரு. அது பரவால்ல, எனக்கும் வேணாம். ஆனா நான் வெளிநாட்டுல ஓடப் பாத்தவன்னு போட்டிருக்காங்க. கல்யாணம் பண்ணதே அதுக்குத்தான்னு. அவரு வக்கீல் கம்பெனில கேட்டு வாங்குன பேப்பர் ஒண்ணு கோர்ட்டுல காட்டினாங்க. உங்க கையெழுத்து இருக்கு. நீங்கதான் போட்டீங்களா மேடம்?"

ஈரத் துணி கையிலேயே இருந்தது.

"ஆமாம்மா."

"சரிங்க மேடம்" என்றாள். வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என் சுபாவம் அது. அவள் திட்டவில்லை. நான்தான் போட்டேனா என்று மட்டும் தெரிந்துகொள்ளப் போன் செய்திருக்கிறாள்.

ஓடப் பார்த்தவள் என்று ஒரு கோர்ட் தாளில் ஏறிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை விசா தாள்களை நிரப்பியிருக்கிறேன். எந்த நாட்டு ஆபீசிலும் அவளுக்குக் கதவு திறக்காது. ஊரில் அவள் அப்பா ஃபேக்டரியில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அதை அவளுக்கு நவீன் மட்டும் செய்யவில்லை. அவன் சொன்னது 'ஓடப் பார்த்தவள்' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைக் காகிதமாக்கி அவன் வக்கீல் கையில் கொடுத்தவள் நான்.

ஒரு வாரம் போயிற்று. அப்புறம் அவளுக்குப் போன் செய்து வக்கீல் பெயரைக் கேட்டேன். சந்தானம் சாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போன் வந்தது.

"சாப்டீங்களா மேடம்? ரிட்டயர் ஆயி நிம்மதியா இருக்கற நேரத்துல எதுக்குங்க கோர்ட்டுப் படி? அந்தப் பேப்பர் பொய்யின்னா, அதுல கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டுங்க சார். சொல்றதுக்குத்தான் போறேன்."

"பேப்பர்ல எப்படி..."

அதற்கு நான் சொன்னதை இந்த மலரில் அச்சிட மாட்டார்கள்.

கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் "ரெண்டு" என்றதை, நான் எழுந்து பார்க்காததை, அவள் போன் அவனிடம் இருந்ததை. அவன் வக்கீல் கெட்டிக்காரர். "அப்படியானால் நீங்கள் அன்று எழுதியதும் பொய், இன்று சொல்வதும் பொய்யாக இருக்கலாம் அல்லவா?" என்றார்.

"இருக்கலாமுங்க. ஓடறவ பாஸ்போர்ட்ட விட்டுட்டு, பஸ்ஸு நின்ன கோட்டுக்குள்ளயே மழையில நின்னு ஓடுவாளான்னு மட்டும் நீங்களே யோசிச்சுக்கங்க" என்றேன். நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்தி, "எந்தக் கோடு? திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பொன்னம்மாவும் பல்லடத்திலிருந்து வந்து சாட்சி சொன்னார். வழக்கு முடிந்துவிட்டது. அந்த அறிக்கையை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பில் இருக்கிறது. தர்ஷினி இப்போது கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளாக எனக்குப் போன் செய்வதில்லை. செய்ய வேண்டியதும் இல்லை.

ஆனால் என் மனதில் நிற்பது கூண்டில் நின்ற நேரம் இல்லை. அதற்கு முன்னால், வெளியே வராண்டாவில் காத்திருந்த நேரம்.

விடிவதற்கு முன்னே பந்தலூரிலிருந்து பஸ் ஏறி அப்பாவும் மகளும் ஊட்டிக்கு வந்திருந்தார்கள். அப்பா ஸ்வெட்டருக்கு மேல் சட்டை போட்டிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். தூணுக்கு அந்தப் பக்கம் நவீனும் அவன் வீட்டு ஆட்களும். வாசலில் பெயர் கூப்பிடும் கோர்ட் டவாலி வந்து நின்று நவீன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். அவன் அப்பா கையைத் தூக்கி, "இருக்கானுங்க, நாங்க எல்லாம் இருக்கோம்" என்றார்.

டவாலி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நவீன்" என்று மறுபடி கூப்பிட்டார். நவீன் எழுந்து நின்று, "இருக்கேன்" என்று சொல்லும் வரை காத்திருந்தார். முகத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் அடுத்த பெயர்.

"தர்ஷினி."

அவள் அப்பா வாயைத் திறந்தார். அவள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். எழுந்தாள்.

"இருக்கேங்க."

டவாலி அவள் முகத்தையும் பார்த்தார், தாளில் குறித்தார். சாதாரண மனுஷன், காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அன்றைக்கு எத்தனை பேரைக் கூப்பிட்டிருப்பாரோ. ஒவ்வொருவரும் அவரவர் வாயால் சொல்லும் வரை நின்றார். நாற்பத்திரண்டு பேருக்கு இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று வராண்டாவில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அடுத்து அவர் என் பெயரைக் கூப்பிட்டார்.